இது என்ன மரம்டா தம்பி?

போன ரெண்டு வாரமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ஊர்ல இருந்தேன். வேதாரண்யம். மைக்கையும் எடுத்துட்டுத்தான் போனேன், ஆனா ஒரு மரப் பஞ்சாயத்துல மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு எபிசோட் அந்தப் பஞ்சாயத்துதான். ஜாவாஸ்கிரிப்ட் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க.

ஆரம்பம் என்னோட பேஸ் கிட்டார். போன வருஷம் சென்னையில செகண்ட் ஹேண்டா ஒரு செமி ஹாலோ பேஸ் வாங்கினேன். கிட்டார் பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரு நிமிஷம்: சாதாரண எலெக்ட்ரிக் பேஸோட உடம்பு கெட்டியான ஒரே பலகை. அக்கூஸ்டிக் கிட்டார் உள்ள மொத்தமும் காலி. செமி ஹாலோ ரெண்டுக்கும் நடுவுல. நடுவுல ஒரு கட்டை ஓடும், ரெண்டு பக்கமும் காலி, மேல வயலின்ல இருக்கற மாதிரி ரெண்டு எஃப் வடிவ ஓட்டை. கிப்ஸன் கம்பெனி 1958-ல ஈஎஸ்-335ன்னு ஒரு கிட்டாரும், அதே உடம்புல ஈபி-2ன்னு ஒரு பேஸும் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு கடையில தொங்கற முக்காவாசி செமி ஹாலோவுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டன்.

வித்தவர் என்கிட்ட சொன்னது, "ப்ரோ, பாடி ஃபுல்லா மஹாகனி." நானும் நம்பிட்டேன். ஆறு மாசம் எல்லார்கிட்டயும் மஹாகனி, மஹாகனின்னு பீத்திக்கிட்டேன். ஒருநாள் கம்பி மாத்தும்போது எஃப் ஓட்டைக்குள்ள ஃபோன் டார்ச்சை அடிச்சேன். ஓட்டையோட விளிம்புல, அந்த வெட்டு முகத்துல, வெள்ளை, மஞ்சள், வெள்ளைன்னு மூணு கோடு. பப்ஸ் மாதிரி அடுக்கு. அதாவது பிளைவுட். மனசு அப்படியே உட்கார்ந்துடுச்சு.

அப்புறம் படிச்சப்பதான் தெரிஞ்சது, இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல. 1958-ல வந்த அந்த ஒரிஜினலே அடுக்குப் பலகைதான். வெளியில மேப்பிள், நடுவுல பாப்லர், மறுபடி மேப்பிள். வளைவா அழுத்தி எடுக்க அதுதான் வசதி. சீக்கிரம் வெடிக்காது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல வெச்சா ஊளையிடறதும் குறையும். என்கிட்ட சொன்ன பொய் "மஹாகனி"ங்கறது மட்டும்தான். பிளைவுட் பொய் இல்ல. இந்த வித்தியாசம் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

பொங்கலுக்கு அந்த பேஸை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பாயி திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அப்பாவோட அம்மா. எழுபத்தொன்பது வயசு. பையைத் திறந்து காட்டினேன். கையால தட்டிப் பார்த்தாங்க, தூக்கிப் பார்த்தாங்க.

"வீணையோட வாலை நறுக்கின மாதிரி இருக்கு. இது என்ன மரம்டா தம்பி?"

எங்க பக்கத்துல எந்தப் பொருளைக் காட்டினாலும் முதல் கேள்வி இதுதான். கதவா இருந்தாலும் சரி, கட்டிலா இருந்தாலும் சரி. "பிளைவுட் அப்பாயி"ன்னேன். மூஞ்சியைச் சுளிச்சாங்க. அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயி, பரண் மேல இருந்த பெட்டியை இறக்கச் சொன்னாங்க.

அதுல அவங்க வீணை.

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும். 2018 நவம்பர் 16, அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. நான் அப்ப காலேஜ் ஃபைனல் இயர், ஹாஸ்டல்ல. வீட்டுக்கு ஃபோன் போக எத்தனை நாள் ஆச்சுன்னு இப்பவும் எண்ணிச் சொல்ல முடியும். ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்ப ரோட்டுல இருந்து எங்க வீடு நேராத் தெரிஞ்சுது. நடுவுல நின்ன மரம் எதுவும் இல்ல. கொல்லையில இருந்த தென்னை எல்லாம் படுத்துக் கிடந்துச்சு, ரெண்டு மா, ஒரு பலா வேரோட சாஞ்சிருந்துச்சு. ஒரு தென்னை பின்கட்டு ஓட்டு மேல விழுந்து, கைமரம் முறிஞ்சு, நேரா வீணைப் பெட்டி மேல. மேல் பலகை ரெண்டாப் பொளந்திருச்சு. குடத்துல ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு பேந்து போச்சு. அந்த நேரத்துல வீணையை யாரு பார்த்தா? குடிக்கத் தண்ணிக்கே அலைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அப்படியே பெட்டியில போட்டு பரண்ல ஏத்தினதுதான்.

இப்ப ஏன் இறக்கினாங்கன்னா, ஒரு மாசம் முன்னாடி பழைய சாமான் வாங்கற ஒருத்தர் வந்திருக்காரு. சித்தப்பா கூட்டிட்டு வந்தாரு. வீணையைப் பார்த்துட்டு அவர் சொன்னது: "இது பலா இல்லம்மா, தூங்குமூஞ்சி. யாளி முகத்துக்கும் பித்தளைக்கும்தான் காசு. நாலாயிரம் தரேன்." சித்தப்பாவுக்குக் குடுத்துடலாம்னு. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், பின்கட்டு ஓடு இன்னும் பாதி தார்ப்பாய்தான். அப்பாயிக்குக் கோவம் காசைப் பத்தி இல்ல. தூங்குமூஞ்சின்னு சொன்னதுல.

"எங்கப்பா ரெண்டு கறவை மாட்டை வித்து, தஞ்சாவூர்ல சொல்லி வெச்சு செஞ்சு வாங்கினது. பலா. ஏகாண்டம். நீ இஞ்சினியர்தானே, பார்த்துச் சொல்லு."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா அதை அவங்ககிட்ட சொல்லிப் புரிய வைக்கறதை விட மரத்தைக் கண்டுபிடிக்கறது சுலபம்.

தஞ்சாவூர் வீணை பத்தி ரெண்டு வார்த்தை. இன்னிக்கு நாம பார்க்கற 24 மெட்டு வெச்ச வடிவத்தை, பதினேழாம் நூற்றாண்டுல தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோட சேர்த்துத்தான் சொல்வாங்க. 2013-ல புவிசார் குறியீடு வந்துச்சு. நாலு தந்தி வாசிக்க, மூணு தந்தி தாளத்துக்கு. பித்தளை மெட்டை மெழுகுல பதிச்சிருப்பாங்க. மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்துல இருந்து வர்ற பலாவுக்குத்தான் பட்டறையில மரியாதை. குடம், தண்டி ரெண்டையும் குடைஞ்சு எடுத்து மேல பலகை போட்டு மூடுவாங்க. குடத்துல இருந்து யாளி முகம் வரைக்கும் ஒரே மரத்துல கடைஞ்சா அது ஏகாண்ட வீணை. தனித்தனியாச் செஞ்சு சேர்த்தா ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு அவ்வளவு பெரிய, வெடிப்பில்லாத அடிமரம் வேணும், அதனால விலையும் அதிகம், பெருமையும் அதிகம்.

ஒரு தமாஷ் இருக்கு. எங்க ஊர் அம்மன் பேரே யாழைப் பழித்த மொழியாள். அம்மன் பேச்சு அவ்வளவு இனிமை, அதுக்கு முன்னாடி வாசிக்க வெக்கப்பட்டு சரஸ்வதி வீணையையே கீழ வெச்சுட்டான்னு தல புராணம். வேதாரண்யேஸ்வரர் கோயில்ல சரஸ்வதி கையில வீணை இருக்காது, சுவடிதான். அப்பாயி அடிக்கடி சொல்றது: "இந்த ஊர்ல வாக்கப்பட்டு வந்து வீணை வாசிக்கறேன்னா எனக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கணும்!" உப்புக் காத்துக்கு இங்க கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அகஸ்தியம்பள்ளி உப்பளம் கூப்பிடு தூரம். அப்படியும் கஜா வரைக்கும் வாசிச்சாங்க.

சரி, மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல்ல சோம்பேறித்தனமா ஒரு வேலை பண்ணேன். ஃபோன்ல ஒரு ஏஐ ஆப்ல வீணை ஃபோட்டோ போட்டேன். ரோஸ்வுட்னு வந்துச்சு. வேற கோணத்துல எடுத்தேன், வால்நட். என் பேஸைப் போட்டேன், மஹாகனியாம்! வித்தவரே அந்த ஆப்பைத்தான் பார்த்திருப்பாரோ என்னவோ. இதுல ஆச்சரியம் இல்ல. அது பார்க்கறது மரத்தை இல்ல, மேல பூசின பாலிஷை. நம்ம ஃபீல்டுல சொல்ற மாதிரி இன்புட் குப்பைன்னா அவுட்புட்டும் குப்பைதான்.

மரத்தோட அடையாளம் பக்கவாட்டுல இல்ல, வெட்டு முகத்துல. ஒரு ஸ்ட்ரா கட்டை எடுத்து மேல இருந்து பார்க்கற மாதிரி நினைச்சுக்கோங்க. மரம் தண்ணி ஏத்தின குழாய்கள் எல்லாம் அங்க துளைத்துளையாத் தெரியும். புது பிளேடால ஒரே இழுப்புல சுத்தமாச் சீவணும், எச்சில் தொட்டு ஈரம் பண்ணணும், பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் வெச்சுப் பார்க்கணும். நகைக்கடையில கண்ணுல வெச்சுப் பார்ப்பாங்களே, அதே லென்ஸ்தான். தேக்குன்னா வருஷ வளையத்தோட ஆரம்பத்துல பெரிய துளைகள் வரிசை கட்டி நிக்கும். பலாவுல அந்த வரிசை கிடையாது. துளைகள் பெருசு, ஆனா அங்கங்க சிதறி, வானத்துல நட்சத்திரம் மாதிரி, ஒவ்வொண்ணையும் சுத்தி வெளிர் நிறத்துல ஒரு வளையம். மேப்பிள்ல துளை வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு சின்னது. என் பேஸோட வெளி அடுக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதனால மேப்பிள்னு வெச்சுக்கலாம். நடு அடுக்கைப் பத்தி நான் சத்தியம் பண்ணத் தயாரில்ல.

நல்லா இருக்கற இசைக்கருவியைத் தயவு செஞ்சு சீவிராதீங்க. பிக்கப்பைக் கழட்டினா அடியில பூச்சு இல்லாத இடம் கிடைக்கும், திருகாணி ஓட்டை இருக்கும், எஃப் ஓட்டை விளிம்பு இருக்கும். வீணையில பிரடை போற துளை. எங்க வீணைக்கு அந்தக் கவலை இல்ல, குடத்துல கஜாவே ஜன்னல் திறந்து விட்டிருந்துச்சு. பேந்து போன துண்டையும் அப்பாயி துணியில முடிஞ்சு பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தாங்க.

அந்தத் துண்டைச் சீவிப் பார்த்தேன். பெரிய துளை, சிதறல், சுத்தி வெளிர் வளையம். பலா! ன்னு கத்தப் போனவன் நின்னுட்டேன். ஏன்னா தூங்குமூஞ்சிக்கும் துளை பெருசுதான், சிதறித்தான் இருக்கும், சுத்தி வளையமும் உண்டு. மாவுக்கும் கிட்டத்தட்ட அதே. என் அனுபவத்துக்கு அந்தப் படத்தை மட்டும் வெச்சு மூணையும் பிரிக்க முடியல. எடை போட்டுப் பார்க்கலாமான்னா, பலா ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ பக்கம் வரும், மாவும் அதைச் சுத்தித்தான். ஈட்டியா இருந்தா 800-ஐத் தாண்டும், கையில தூக்கினாலே தெரிஞ்சிடும். இது ஈட்டி இல்லைங்கறது மட்டும் உறுதி.

மிச்சம் இருந்தது நிறம். பலாவோட வைரத்துல இயற்கையாவே ஒரு மஞ்சள் சாயம் இருக்கு. பர்மா, தாய்லாந்துப் பக்கம் புத்த பிக்குகளோட துவராடைக்கு பலா மரத்தூளைக் கொதிக்க வெச்சுத்தான் சாயம் போடுவாங்க. புதுசா அறுத்த பலா பளிச்சுன்னு மஞ்சளா இருக்கும், வருஷம் போகப் போகக் கறுத்துப் பழுப்பாயிடும். வெளியில கறுத்தாலும் உள்ள சாயம் இருக்கணும். கொதிக்க வெச்சுப் பார்த்தா தெரியும்.

ஆனா ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு, இதுதான்னு உறுதியாத் தெரிஞ்ச மரம் வேணுமே. ரோட்டோரத் தூங்குமூஞ்சியில ஒரு கிளை, பக்கத்து வீட்டுப் பலாவுல ஒரு கிளை உடைச்சுட்டு வந்து, வறட்டு வறட்டுன்னு சுரண்டி, கொதிக்க வெச்சேன். ரெண்டுலயும் ஒண்ணும் வரல. பலாவுலயும் வரல! அரை நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில அப்பாயிதான் சிரிச்சாங்க. "கிளையில ஏதுடா வைரம்? அது வெளிறுடா." மரத்தோட வெளிப்பக்கம், இன்னும் தண்ணி ஏத்திக்கிட்டு இருக்கற இளசு, அது வெளிறு. நடுவுல முத்திப் போனது வைரம். சாயம், உறுதி, பூச்சியை விரட்டற சரக்கு எல்லாம் வைரத்துலதான். நான் டெஸ்ட் பண்ணது தப்பான டேட்டாவை.

மறுநாள் திருத்துறைப்பூண்டியில ஒரு சா மில்லுக்குப் போனேன். என்ன விஷயம்னு கேட்டுட்டு, அங்க இருந்த பெரியவர் மூணு துண்டு வைரக் கட்டையைப் பொறுக்கி, சாக்பீஸால பேர் எழுதியே குடுத்தாரு. காசு வாங்கல. "வீணைக்கா? வாசிச்சதும் ஒரு வாட்டி கேக்க வைங்க"ன்னாரு.

நாலு எவர்சில்வர் டம்ளர். நாலுலயும் ஒரே அளவு வெந்நீர், ஒரு ஸ்பூன் தூள், ஒரு சிட்டிகை படிகாரம். வீணைத் துண்டோட உள்பக்கத்துல பூச்சு இல்லாத இடத்துல இருந்து சுரண்டினது நாலாவது டம்ளர். சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. மா டம்ளர் பேருக்கு ஒரு மங்கல். தூங்குமூஞ்சி டம்ளர் டீத்தண்ணி. பலா டம்ளர் மஞ்சள், பளீர்னு. வீணை டம்ளர் கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. அறுபது வருஷப் பழசு இல்லையா. ரெண்டாவது கொதியில மஞ்சள் இறங்கிச்சு.

அப்பாயி ஒண்ணும் பேசல. சித்தப்பாவைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். சித்தப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போயிட்டாரு.

இங்க ஒரு டிஸ்கிளெய்மர். இந்த டெஸ்ட் சொல்றது "பலா, இல்லன்னா பலாவோட சொந்தக்காரன்". மலைப்பக்கம் அயினிப் பலான்னு ஒண்ணு இருக்கு, அதே குடும்பம், அதுவும் மஞ்சள்தான். லேப்ல கூட மெல்லிசாச் சீவி மைக்ராஸ்கோப்ல வெச்சாலும், பல சமயம் பேரினம் வரைக்கும்தான் சொல்வாங்க. பெங்களூர்ல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துல இதுக்குன்னே ஆள் இருக்காங்க, துண்டு அனுப்பினா சோதிச்சு எழுதித் தருவாங்க. யாருக்கு இதெல்லாம் வேணும்னு கேட்டா, ஏற்றுமதி பண்றவங்களுக்கு. 2017 ஜனவரியில இருந்து ஈட்டி வகை மரங்கள் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துச்சு. ஒரு கிட்டார் விரல்பலகைக்கே பேப்பர் கேட்டாங்க. உலகம் முழுக்க கிட்டார் கம்பெனிகளும் வாத்தியக்காரங்களும் கத்தினப்புறம், 2019 கடைசியில முழுசாச் செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்தாங்க. அதனால "இது என்ன மரம்"ங்கறது அப்பாயி கேள்வி மட்டும் இல்ல, கஸ்டம்ஸ் கேள்வியும்தான்.

இந்த இடத்துல எபிசோடை முடிச்சிருந்தா நான் ஹீரோ. ஆனா லென்ஸ் கையில இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? குடத்துல இருந்து தண்டி வரைக்கும் ரேகை எப்படி ஓடுதுன்னு பார்த்துக்கிட்டே போனேன். ஏகாண்டம்னா குடத்துல கிளம்பற ரேகை தண்டியிலயும் தொடரணும், ஒரே மரம்தானே. குடமும் தண்டியும் சேர்ற இடத்துல ஒரு அலங்காரப் பட்டை சுத்தியிருக்கும். அந்தக் காலத்துல தந்தம், இப்ப பிளாஸ்டிக். புயல்ல அந்தப் பட்டை ஒரு பக்கம் தளர்ந்திருந்துச்சு. அதுக்கடியில முடி அகலத்துக்கு ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ரேகை சாய்வா ஓடுது, அந்தப் பக்கம் நேரா ஓடுது.

ரெண்டும் பலாதான். ஆனா ரெண்டு பலா. ஒட்டு வீணை.

நான் பட்டையை மறுபடி அழுத்தி வெச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. பேஸ் வித்தவர் என்கிட்ட சொன்ன பொய்யைக் கண்டுபிடிச்சப்ப நான் நாலு நாள் புலம்பினேன். அது என் காசு, என் இருபத்திரெண்டாயிரம். இது அவங்க அப்பா வித்த ரெண்டு மாடு.

வீணையைச் சரி பண்ணணும்னு முடிவாச்சு. மேல் பலகை புதுசு போடணும். அதுக்கு அப்பாயி ஒரு யோசனை வெச்சிருந்தாங்க. கஜாவுல சாஞ்ச எங்க பலா. அப்ப தாத்தா இருந்தாரு. எல்லா மரத்தையும் அறுத்து விலைக்குக் குடுத்தவர் நாலு பலகையை மட்டும் எடுத்து மாட்டுக் கொட்டகைப் பரண்ல அடுக்கி வெச்சாரு. "எதுக்காவது ஆகும்"னு. 2021-ல தாத்தா போயிட்டாரு. அந்த நாலுல எது பலா, எது மான்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஆறு வருஷ தூசி, புகை, சாணி, எல்லாம் ஒரே நிறம்.

லென்ஸ், டம்ளர், படிகாரம். இந்த வாட்டி வேகமா முடிச்சேன். மூணு பலா, ஒண்ணு மா. மூணையும் வேன்ல ஏத்தி, வீணையையும் ஏத்தி, மன்னார்குடி வழியா தஞ்சாவூர். அப்பாயியும் வருவேன்னு பிடிவாதம். முன் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டாங்க.

பட்டறையில ஆசாரி எங்க அப்பா வயசு இருக்கும். பலகையை ஒவ்வொண்ணா ஒரு முனையில தூக்கிப் பிடிச்சு விரல் கணுவால தட்டினாரு. லென்ஸும் இல்ல, டம்ளரும் இல்ல. முதலாவதைக் கீழ வெச்சாரு. ரெண்டாவதைத் தனியாச் சுவத்துல சாத்தினாரு. மூணாவதைப் பார்த்து, "தம்பி, இது பலாதான், ஆனா பாதி வெளிறு. உளுத்துடும்." முதலாவது ஏன் வேண்டாம்னு கேட்டேன். "அறுக்கும்போதே வெடிச்சிருக்கு, உள்ள ஓடுது." நான் திரும்பத் திரும்பப் பார்த்தும் அந்த வெடிப்பு எனக்குத் தெரியல. அவர் நகத்தை வெச்சுக் காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. நான் நாலு நாள் உட்கார்ந்து கண்டுபிடிச்சது மரத்தோட பேரை. அவருக்கு வேண்டியது அது வாசிக்க லாயக்கா இல்லையாங்கறது.

ரெண்டாவது பலகை போதும்னாரு. அப்புறம் வீணையைத் திருப்பினாரு. நான் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், என்னென்னமோ பண்ணேன். அவர் என்னைப் பார்க்கல. பட்டையை விரலால நெம்பினாரு.

"ஒட்டு பிரிய ஆரம்பிக்குது. அதையும் சேர்த்துப் போட்டுடறேன்."

அப்பாயி: "ஒட்டா?"

"ஆமாங்கம்மா, ஒட்டு வீணைதான். நல்ல வேலை. அறுபது வருஷம் அசையல பாருங்க. இவ்வளவு அடி வாங்கி ஒட்டுல விடல, பலகையிலதான் விட்டிருக்கு."

அப்பாயி ஒண்ணும் கேக்கல. அட்வான்ஸை அவங்களே முந்தானையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க. திரும்பி வரும்போது மன்னார்குடி வரைக்கும் பேச்சே இல்ல. டீக்கடையில நிறுத்தினோம். கண்ணாடி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டாங்க.

"எங்கப்பாவை ஏமாத்திட்டாங்களாடா? இல்ல, எங்கப்பா என்னை ஏமாத்துனாரா?"

நான் இஞ்சினியர். இதுக்கு லென்ஸ் கிடையாது. "தெரியல அப்பாயி"ன்னேன். பேஸ் விஷயத்துல நான் கத்துக்கிட்டதை, பிளைவுட் பொய் இல்ல, மஹாகனிதான் பொய்னு, அதைச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. டீ ஆறிக்கிட்டு இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க. "எங்கப்பாவுக்கு ரெண்டு மாடுதான் இருந்துச்சு. மூணு இருந்திருந்தா ஏகாண்டம் வாங்கியிருப்பாரு." சொல்லிட்டு டீயைக் குடிச்சாங்க. அப்புறம் திருத்துறைப்பூண்டி வந்ததும் சா மில்லுல வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பெரியவருக்கு ரெண்டு சீப்பு பழம் வாங்கிக் குடுத்தாங்க.

வீணை போன வியாழக்கிழமை வந்துச்சு. பலகை மட்டும் நிறம் சேரல. பழைய குடம் கரும்பழுப்பு, எங்க பலா நல்ல மஞ்சள். பாலிஷ்ல நிறம் ஏத்தித் தரட்டுமான்னு ஆசாரி கேட்டிருக்காரு. வேண்டாம், அதுவாக் கறுக்கட்டும்னு அப்பாயி சொல்லிட்டாங்க.

அத்தை வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காங்க. அப்பாயிகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். பன்னெண்டு செகண்டுதான். சாரணியை மீட்டறாங்க, சுருதி சேரல, பிரடை வழுக்குதுன்னு ஆசாரியைத் திட்டறாங்க, பின்னாடி மாடு கத்துது. எடிட் பண்ணாம அப்படியே போடறேன்.

(ஒலிப்பதிவு: வீணை, 12 விநாடி)